மதிலோடு நின்ற தண்ணீர்

“தண்ணி காம்பவுண்டு சுவரைப் பாத்ததும் நின்னுடுமாம்மா?”

கேட்டவர் என் ஆய்வுக் குழுவுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர். குரலில் கேலியே இல்லை. அதுதான் சிக்கல். கேலியாகக் கேட்டிருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன்.

திரையில் நான் வரைந்த வரைபடம். ஆவடியிலிருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் உள்ள ஏரிகள், அவற்றை இணைக்கும் கால்வாய்கள். ஏரிக்கு இளநீலம், கால்வாய்க்குக் கருநீலம். புடவைக்கு பிளவுஸ் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து நிறம் கொடுத்திருந்தேன். அவர் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி ஒரு கால்வாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து வந்து, ஓர் இடத்தில் நின்றது. அங்கே கால்வாய் இல்லை. வீடு, சாலை, மரம் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை. வெள்ளைக்கு அந்தப் பக்கம், ஒன்றுமே நடக்காதது மாதிரி அதே கால்வாய் மறுபடி தொடங்கி ஓடியது.

அந்த வெள்ளையை நான் அப்போதுதான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். மாதக்கணக்கில் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவள், அதில் எந்த மதகு உடைந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் நட்டநடுவில் இருந்த அந்த ஓட்டை என் கண்ணில் பட்டதே இல்லை.

ஏசி காற்றில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது. அது முனைவர் பட்டத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க்கின் கடைசித் தாள். முதல் முறை நான் தேறவில்லை. இது இரண்டாவது முறை. மூன்றாவது என்று ஒன்று விதியிலேயே கிடையாது. இதிலும் கோட்டை விட்டால் பதிவு ரத்து, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

ஆட்சேபணை இல்லை

இந்தத் தொடரில் நான் ஆராய்ச்சி மாணவி என்று ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், பிஎச்.டி. சேருவது எப்படி என்று கேட்டு ஏகப்பட்ட கடிதங்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதுகலையில் அவர்கள் கேட்கிற மதிப்பெண் வேண்டும். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் நேர்முகம். இதற்கு நடுவில் கைடு ஒருவர் கிடைக்க வேண்டும். கிடைத்தால் போதாது, அவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வரன் தேடுவது இதைவிடச் சுலபம் என்று அம்மா சொன்னாள். அவளுக்கு அதுவும் இதுவும் ஒரே மனக்குறை. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக் கேட்கும் வாசகர்கள் அம்மாவோடு சேர்ந்து வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. வேலை பார்க்கும் இடத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். நான் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. எங்கள் தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பசங்களுக்கு மேப்புல பாயிண்ட் பண்ணச் சொல்லித் தர்றதுக்கு டாக்டர் பட்டம் எதுக்கு டீச்சர்?”

ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர அந்த மனிதர் ஒரு பருவம் முழுக்க ஆட்சேபித்தார். கடைசியில் நான் தினமும் காலையில் அவர் அறை வாசலில் போய்ச் சும்மா நிற்க ஆரம்பித்தேன். தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டார்.

நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் இந்தத் தலைப்பு என்றார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போன பதிலெல்லாம் காற்றில் போய்விட்டது. “ஆவடி சேக்காட்டுல எங்க வீட்டுக்குள்ள மழைக்குத் தண்ணி வருது சார். அது வேற எங்கேயோ போயிருக்க வேண்டிய தண்ணி. எங்கேன்னு தெரிஞ்சுக்கணும்” என்றேன். யாரோ ஒருவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இடம் கிடைத்தது.

நான்கு தாள்கள்

சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் கோர்ஸ் ஒர்க் என்றார்கள். நான்கு தாள்கள். ஆராய்ச்சி முறையியல் ஒன்று. ஆய்வு நெறிமுறை ஒன்று. பொய் சொல்லாதே, திருடாதே என்பதைத்தான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தருவார்கள். செயற்கைக்கோள் படத்தைப் படிக்கிற தொலையுணர்வு ஒன்று. நான்காவது அவரவர் தலைப்பு: வரைபடம் தயாரித்து, குழுவின் முன்னால் நின்று விளக்க வேண்டும்.

முதல் மூன்றிலும் தப்பித்தேன். நான்காவதில்தான் அடி விழுந்தது. களப்பணி போதாது, மேசையில் உட்கார்ந்து வரைந்த படம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரி, நடந்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

விடுமுறை நாளெல்லாம் கால்வாய் ஓரம்தான். திருவேற்காட்டில் வீடுகளின் பின்பக்கச் சாக்கடையாகிப்போன வாய்க்காலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்குகளுக்குப் பின்னால் நாய் துரத்தியது. ஒரு காவலாளி, “இன்னாம்மா, போட்டோ புட்ச்சிகினு கீறே? பிளாட் வாங்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். முள் குத்தாத செருப்பு ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை.

நடந்ததையெல்லாம் மடிக்கணினியில் செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்து, கோடு கோடாக மேலே வரைய வேண்டும். அப்படித்தான் வரைந்தேன். ஆவடியில் ஒரு பெரிய மதில் வந்த இடத்தில் என் கை தானாக அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

கண்ணைச் சுருக்கிய ஆல்பம்

ஏன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டு போட்டோ ஆல்பத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். பக்கத்து வீடு மதுரை, எதிர்வீடு தஞ்சாவூர், மாடியில் கன்னியாகுமரி. சங்கு ஊதினால் சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வரும். அத்தனை அப்பாக்களும் உள்ளே என்ன செய்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

“அப்பா எங்க வேலை பாக்குறாரு?”

“ஃபேக்டரில.”

“ஃபேக்டரில என்ன வேலை?”

“வேலை.”

இப்படித்தான் பதில் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஊரிலிருந்து வரும் மாமா போட்டோ எடுக்க நிறுத்தினால், அப்பா ஓடிவந்து எங்களைத் திருப்பி நிற்கவைப்பார். பின்னால் ஃபேக்டரி மதில் தெரிந்துவிடக் கூடாது. திரும்பி நின்றால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அதனால் எங்கள் ஆல்பத்தில் பிறந்தநாள், காதுகுத்து, பொங்கல் எதுவானாலும் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்போம். என் முகமே அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பள்ளியில் ‘நமது ஊர்’ என்று படம் வரையச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டி, ரயில்வே கேட், மார்க்கெட், கோயில், சர்ச் எல்லாம் வரைந்தோம். நடுவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஒரு வெற்றிடம் விட்டிருந்தோம். டீச்சர் வீட்டுக்காரருக்கும் அதே ஃபேக்டரிதான். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

அம்மாவால் மட்டும்தான் இதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. தினமும் காலையில் மூன்றடுக்கு கேரியரில் சோறு, குழம்பு, பொரியல் கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் காலி கேரியரைத் தேய்த்துக்கொண்டே, “எங்க உக்காந்து சாப்ட்டீங்க? கேன்டீன்லயா, மெஷின் பக்கத்துலயா?” என்று கேட்பாள். அப்பா பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அதைக்கூடச் சொன்னால் தேசத்துக்கு என்ன கேடு வந்துவிடும் என்று அம்மா பாத்திரங்களிடம் கேட்பாள்.

அப்படியாம்மா?

குழு கூடிய அன்று காலை ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். வழக்கமாக வருகிற டிரைவர்தான்.

“இன்னாக்கா, மூஞ்சி தொங்கிகினு கீது?”

“பரீட்சைப்பா.”

“உனுக்கா? நீயே டீச்சராச்சே!”

“டீச்சருக்கும் பரீட்சை உண்டு.”

“ஐய, அப்போ என் பையன் ஃபெயிலானா நீ திட்டக் கூடாது, சொல்ட்டேன்.”

சிரித்தேன். அதற்குப் பிறகு அன்று நான் சிரிக்கவே இல்லை.

ஏனென்றால் அந்த வெள்ளையின்மேல் சிவப்புப் புள்ளி நின்றபோது, எனக்கு முன்னால் பதில் சொன்னது என் கைடு மேடம். நல்ல மனுஷி. எனக்காகப் பலமுறை பரிந்து பேசியவர். அவர் சட்டென்று, “அது பாதுகாப்புத் துறை இடம் சார். டேட்டா கிடைக்கல” என்றார்.

துறைத் தலைவர் தலையை ஆட்டினார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வெளியூர்ப் பேராசிரியர் லேசரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்படியாம்மா?”

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆமாம் என்றால் தப்பித்தேன். ஆனால் அது பொய். என் மடிக்கணினியில் அடுத்த பக்கத்திலேயே செயற்கைக்கோள் படம் இருக்கிறது. அதில் மதிலுக்குள்ளும் அந்தக் கால்வாய் ஆகாயத்தாமரை மூடிப் பச்சையாகத் தெரிகிறது. இல்லை என்றால், இத்தனை பேர் முன்னால் மேடத்தைப் பொய் சொன்னவராக ஆக்குகிறேன். அவர் கையெழுத்து இல்லாமல் என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. நெறிமுறைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள்தான். எழுதுவது வேறு, நாக்கு உலர்ந்து நிற்பது வேறு.

மேடம் என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இல்ல சார்” என்றேன். “டேட்டா இருக்கு. நான்தான் வரையல.”

“ஏன்?”

“எங்கப்பா அங்க வேலை பாத்தாரு. நான் குவார்ட்டர்ஸ்ல வளந்தவ. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு சொல்லியே வளத்தாங்க. கை தானா சுத்திக்கிட்டுப் போயிருக்கு சார். நீங்க காட்டின பிறகுதான் எனக்கே தெரியுது.”

சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வயதில், சின்னப் பிள்ளை மாதிரி.

“நல்ல சாக்கும்மா” என்றார் துறைத் தலைவர். “முழுசா நடந்து அளந்தேன்னு எழுதியிருக்கே. முக்கியமான இடத்தையே காணோம். கொஞ்சம் வெளிய இரும்மா.”

வராந்தா

வராந்தாவில் ஒரு மர பெஞ்ச். எதிரே பழைய உலக உருண்டை ஒன்று தூசி படிந்து கிடந்தது. உள்ளே குரல்கள் உயர்வதும் தாழ்வதுமாக இருந்தன. நாளைக்குப் பள்ளியில் தாளாளர் கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். உங்களால்தான் போச்சு என்று வாய் தவறி வந்துவிட்டால் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“நான் உன்னைக் காப்பாத்தப் பாத்தேன். நீ என்னை எங்க கொண்டுபோய் நிறுத்திட்ட பாத்தியா?”

அவர் கோபம் நியாயமானது. நான் சொன்னதும் நிஜம்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன்.

“ஒரு வாரம் டயம் வாங்கியிருக்கு” என்றார். “உன்னைக் கேள்வி கேட்டாரே, அவர்தான் உனக்காகப் பேசினாரு. கட்டடம் கிட்டடம் எதுவும் வரையக் கூடாது. தண்ணி போற வழி மட்டும். ஏன் விட்டுப்போச்சுன்னு இப்பச் சொன்னதை அப்படியே ஒரு பத்தி எழுதணும். அதைப் பாத்துட்டுத்தான் மார்க் போடுவாங்க. பாஸா ஃபெயிலான்னு எனக்கே தெரியாது.”

சன்னலைச் சாத்தியவர்

அந்த ஒரு வாரத்தில் வந்த சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, செயற்கைக்கோள் படத்தில் அந்த மதிலுக்குள் முதல்முறையாகப் போனேன். அது வெறும் மரமும் கூரையும்தான். அதற்கே யாராவது பார்க்கிறார்களா என்று சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பேப்பரோடு வந்த அப்பா பின்னால் நின்றுவிட்டார். போய் சன்னலைச் சாத்தினார். அடுத்த சன்னலையும் சாத்தினார். வாசல் கதவையும் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகல், கொளுத்துகிற வெயில்.

“ஏங்க, வேகுது உள்ள, எதுக்குச் சாத்துறீங்க?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்.

“ச்சூ, சும்மா இரு.” என்னிடம் குனிந்து, “இதை யாரும்மா குடுத்தா உனக்கு?” என்றார்.

“யாரும் குடுக்கலப்பா. போன்லயே தெரியும்.”

“எந்தப் போன்ல?”

“உங்க போன்லயும்தான்.”

நம்பவில்லை. அவர் போனையே வாங்கித் திறந்து காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரு விளக்குக் கம்பம் முதற்கொண்டு தெரிந்தது.

“எல்லாருக்கும் தெரியுமா இது?”

“உலகத்துல யார் வேணாலும் பாக்கலாம்ப்பா.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். முகம் செத்துவிட்டது. காட்டியிருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அவ்வளவு பெரிய அடி அது. ஒரு விருதையோ பதவி உயர்வையோ பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தது ஒன்றுதான் அவருடைய பெருமை.

“வேணாம்மா” என்றார். “வரையாத. ஏதாவது ஆயிடும்.”

“வரையலன்னா என் படிப்பு போயிடும்ப்பா.”

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மூடி வைத்திருப்பேன். அதுதான் உண்மை, இப்போதும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

“கட்டடம் ஒண்ணும் வரையலப்பா. தண்ணி மட்டும்.”

“தண்ணி மட்டுமா?”

“தண்ணி மட்டும்.”

ஒரு நாற்காலியை இழுத்து வாசல் கதவுக்கு எதிரே போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் வரைந்து முடிக்கிறவரை திரும்பவில்லை. கீரைக்காரி வந்து கதவைத் தட்டியபோது, இன்றைக்கு வேண்டாம் என்று உள்ளேயிருந்தே அனுப்பிவிட்டார்.

கேரியர்

படத்தைக் கொடுத்தேன். பத்தியையும் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அப்புறம் பல நாள் ஒரு தகவலும் இல்லை. பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இமயமலையைச் சொல்லிக்கொண்டே விந்தியமலையைக் குறித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் கைவைத்த நேரத்தில் மேடத்தின் குரல் வந்தது. “தேறிட்டம்மா. பதிவு உறுதி. இனிமே ஒழுங்கா எழுதற வழியைப் பாரு.” சிரித்த மாதிரியும் இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பூஜை அலமாரிப் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள்.

“அந்தப் படத்தை எடு, பாப்போம்” என்றார் அப்பா.

அச்செடுத்த படத்தை அப்பளத் தட்டை நகர்த்திவிட்டு மேசையில் விரித்தேன். மதிலுக்குள் வெள்ளை அப்படியேதான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நீலக் கோடு, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் சன்னல் வழியாக வந்தது. அவர் எழுந்து சாத்தவில்லை. இடது கை விரலை அந்த நீலக் கோட்டில் ஓரிடத்தில் வைத்தார்.

“இந்தக் கால்வா ஓரத்துலதான் உக்காந்து சாப்பிடுவோம்.”

அம்மாவின் ரசக் கரண்டி பாதியில் நின்றது.

“ஆயுசு பூரா கேரியர் கட்டிக் குடுத்தேன். எங்க உக்காந்து திங்கிறீங்கன்னு கேட்டுக் கேட்டு என் வாய் தேஞ்சுபோச்சு. இன்னைக்குத்தான் சொல்லணும்னு தோணிச்சா உங்களுக்கு?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கோபமாக ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது, துடைத்தாள். துடைத்துக்கொண்டே, குரலை இறக்கிக் கேட்டாள்.

“நெழல் இருந்துச்சா அங்க?”

“இருந்துச்சு” என்றார் அப்பா. “புங்கமரம்.”